நார்மல் அக்காவின் ரத்தம்

அத்தியாயம் பதினொன்று

ஒரு ஷூ காலில், இன்னொரு ஷூ கையில். சுண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், உட்கார்ந்தபடியே தூங்குறியா?"

"இல்லம்மா. போடணும்னுதான் நினைச்சிட்டிருக்கேன்."

"நினைச்சா அதுவா கால்ல ஏறிக்குமா? குனிஞ்சு போடுடி!"

காலை ஏழரை மணிக்கு நம் நார்மல் அக்காவுக்கு நாலு கை இருந்தாலும் பத்தாது. ஒரு கை டப்பாவை மூடுகிறது, இன்னொரு கை அடுப்பை அணைக்கிறது, வாய் மட்டும் ஓயாமல் மகளை விரட்டுகிறது.

புதிதாக உள்ளே நுழைகிறவர்களுக்கு நாலே வார்த்தை. நார்மல் அக்கா ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவள். அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன், இன்றைக்கு இடி விழப்போவதே அதன் மேல்தான். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் ஊருக்கெல்லாம் கண்ணாடிக்காரர். ஒரே மகள் சுண்டு, ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் நாத்தனாரோடு பெரிய ரகளை. எட்டு மாதம் முடிந்த நாத்தனார், "பிரசவத்துக்கு ஒரு மாசம் லீவ் போட்டுட்டு என்கூட வந்து இருங்க அண்ணி" என்று கேட்டாள். "லீவா? எனக்கு மூச்சு விடவே லீவ் கிடையாது" என்று இவள் வெடித்தாள். அந்தப் பக்கம் போன் பட்டென்று கட்டானது. ஆறு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை.

"அம்மா, விளையாட்டு மிஸ்ஸுக்கு ஒரே ஒரு லெட்டர் எழுதிக் குடேன். இன்னைக்கு ஓட முடியாதுன்னு."

"என்னன்னு எழுதறது? என் பொண்ணுக்கு சோம்பேறித்தனம் முத்திப் போச்சுன்னா?"

"மூச்சு வாங்குதும்மா. நிஜமா."

"ரெண்டு வாரம் முன்னாடி உனக்கு ரத்தம் எடுத்தேனா இல்லையா? ஹீமோகுளோபின் பன்னெண்டு இருக்கு. பன்னெண்டு இருக்கிறவளுக்கு மூச்சு ஏன் வாங்குது? ராத்திரியெல்லாம் போனை நோண்டினா வாங்கத்தான் வாங்கும்."

கண்ணாடிக்காரர் செய்தித்தாளை இறக்கி மகளைப் பார்த்தார். "இன்னைக்கு ஒருநாள் விட்டுடேன். புள்ளை முகமே ஒரு மாதிரியா இருக்கு."

"முகத்தைப் பார்த்து ரத்தம் சொல்றதுக்கு எதுக்குங்க நாங்க லேப் வெச்சு நடத்தறோம்? என் கையால எடுத்து, என் மெஷின்ல போட்டு, என் கண்ணால பார்த்தது. இந்தத் தடவையும் பந்தயத்துக்குப் பேரைக் குடுத்துட்டு ஓடலேன்னா டீம்லேர்ந்தே எடுத்துடுவாங்க. போன வருஷம் இவ ஓடின ஓட்டம் என்ன, இப்ப என்ன!"

மெஷின் என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. அவர் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் நார்மல் அக்காவே குனிந்து அந்த ஷூவை மாட்டி, முடிச்சும் போட்டுவிட்டாள். நிமிரும்போது கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினம் இருட்டுவதுதான், மூன்று எண்ணினால் தெளிந்துவிடும். மூன்று எண்ணினாள், இப்போதெல்லாம் ஐந்து வரை போகவேண்டியிருக்கிறது. சாப்பிட நேரமில்லை, சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டாள். அது சாயங்காலம் அப்படியே திரும்பி வரும் என்பது டப்பாவுக்கே தெரியும்.

---

லேப் என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் மூன்று ரூம். முதல் ரூமில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள், நடு ரூமில் மெஷின், கடைசி ரூமில் டாக்டரம்மா. ஏறிப்போக பதினெட்டுப் படி. ஒன்பதாவது படியில் நார்மல் அக்கா கைப்பையில் எதையோ தேடுவதுபோல நின்றாள். எதையும் தேடவில்லை, மூச்சு வாங்கத்தான் நின்றாள்.

இப்போது அந்தப் பெயர்க் கதை. ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க, அளவு தெரிந்த ஒரு சாம்பிளைத் தினமும் முதலில் கொடுக்கவேண்டும். அதற்கென்று கம்பெனி ஒரு திரவம் அனுப்பும். ஐஸ் பெட்டியில் வரும், வந்தால் உண்டு. வராத ஒரு மாதத்தில், புதிதாகச் சேர்ந்திருந்த இவள் ரத்தத்தைப் போட்டுப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி எட்டு. மறுநாளும் அதே. மறுமாதமும் அதே. அன்றிலிருந்து திரவம் வராத நாளெல்லாம் இவள் ரத்தம்தான் அளவுகோல். ஊதா மூடி போட்ட டியூபில் 'நார்மல்' என்று சீட்டு ஒட்டுவார்கள். சீட்டில் இருந்த பெயர் ஆள் மேல் ஒட்டிக்கொண்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, மெஷின் அவளுக்குப் பதினொன்று காட்டியது. "என் ரத்தம் மாறாது டாக்டரம்மா, மெஷின்தான் மாறிடுச்சு" என்று அடித்துச் சொன்னாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு விளக்கு மங்கிப்போயிருந்தது! டாக்டரம்மா எல்லார் முன்னாலும் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு இன்னும் அவள் முதுகில் இருக்கிறது. அதுதான் வினையாகப் போனது.

இந்த இரண்டரை மாதமாகத் திரவம் வரவில்லை. அதற்குள் மூன்று தடவை அவளுடைய டியூப் குறைத்துக் காட்டியது. மூன்று தடவையும் "இந்தச் சனியன் மறுபடியும் இறங்கிடுச்சு" என்று மெஷினைத் திட்டிக்கொண்டே, செட்டிங்குக்குள் போய் ஹீமோகுளோபின் அளவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தாள். கடைசியாக ஏற்றியது மூன்று வாரத்துக்கு முன்னால். போன வாரம்கூட ஒரு டாக்டர் போன் பண்ணி, "என்னம்மா, உங்க லேப்புக்கு வர்றவங்களுக்கெல்லாம் ரத்தம் நிரம்பி வழியுதே?" என்று சிரித்தார். "தினமும் செக் பண்ணித்தான் சார் ரிப்போர்ட் தர்றோம்" என்று இவள் முறுக்காகப் பதில் சொன்னாள்.

இன்றைக்கும் ரப்பர் நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்துக் கட்டி, இடது கையில் தானே குத்தி எடுத்து, டியூபை மெஷினில் வைத்தாள். பத்து புள்ளி இரண்டு.

"பாரேன் திமிரை!" என்றாள் ரிசப்ஷன் பெண்ணிடம். "நல்லவேளை, இன்னைக்கு மெஷின்காரர் வர்றார். அவரே பார்த்துக்கட்டும்."

---

மெஷின்காரர் பத்து மணிக்கு வந்தார். வருஷாந்திர சர்வீஸுக்குக் கம்பெனி அனுப்பும் ஆள். ஒரு தோளில் டூல்ஸ் பை, ஒரு கையில் ஐஸ் பெட்டி. வராத திரவம் கடைசியில் வந்தே விட்டது.

திரவத்தை ஊற்றி ஓட்டியவர் நெற்றியைச் சுருக்கினார். மறுபடி ஓட்டினார். "மேடம், மெஷின் கன்னாபின்னான்னு ஏத்திக் காட்டுதே. நாலுக்கு அஞ்சுன்னு காட்டுது. யார் செட்டிங்கை மாத்தினது?"

"ஏத்தியா? இறக்கின்னு சொல்லுங்க. அது இறங்கிடுச்சுன்னுதானே நான் தூக்கி வெச்சேன்."

அவர் செட்டிங்கைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். திரவம் இப்போது அட்டையில் அச்சடித்திருந்த எண்ணை அப்படியே காட்டியது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் கைக்கெட்டிய டியூபை எடுத்து ஓட்டினார். ஊதா மூடி போட்ட டியூப்தான்.

எட்டு புள்ளி ஒன்று.

"யாருங்க இந்த பேஷன்ட்? வெளியில உக்காந்திருந்தா, வரிசையில நிக்க வைக்காம முதல்ல உள்ளே கூப்பிடுங்க. எட்டுதான் இருக்கு."

ரிசப்ஷன் பெண் களுக்கென்று சிரித்தாள். "சார், அது பேஷன்ட் இல்ல. நார்மல்!"

"இது நார்மலாங்க? யார் சொன்னது?"

நார்மல் அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றாள். எட்டு புள்ளி ஒன்று. சிரிப்பு பாதி நின்றது. "உங்க ரத்தத்தை எடுத்து ஓட்டுங்க பார்ப்போம்." எடுத்தார்கள். அவருக்குப் பதினாலரை, அவருக்கு எப்போதும் இருப்பதுதான். "புதுசா என்கிட்ட எடுங்க. டியூப்ல ஏதோ கோளாறு." வலது கையை நீட்டினாள். புது டியூப், புது ஊசி.

எட்டு.

சத்தம் கேட்டு டாக்டரம்மா கடைசி ரூமிலிருந்து வந்தார். மெஷினில் இருந்த எண்ணைப் பார்த்தார். நார்மல் அக்காவின் தாடையைப் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"அடிப்பாவி! வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கே. இந்தக் கண்ணையா வெச்சுக்கிட்டு தினமும் என் எதிர்ல நடமாடினே?"

"இல்ல டாக்டரம்மா... எனக்குத்தான் பன்னெண்டு எட்டாச்சே..."

"மாசா மாசம் எப்படி இருக்கு?"

நார்மல் அக்கா மெஷின்காரரைப் பார்த்தாள். அவர் அவசரமாக டூல்ஸ் பைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"அது... நாலஞ்சு மாசமாவே ரொம்ப அதிகம். பத்து நாள் ஆனாலும் நிக்கறதில்ல. வயசாகுதுன்னு..."

"வர்றவங்ககிட்டே எல்லாம், 'இப்படி இருந்தா விடாதீங்கம்மா, உடனே டாக்டரைப் பாருங்க'ன்னு தொண்டை கிழியச் சொல்றவளே நீதானே?"

ஆமாம், அவள்தான். தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவள். பதினோராவதாகத் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே கிடையாது. தன் உடம்பை அவள் உடம்பாகவே நினைக்கவில்லை, லேபில் இருக்கும் சாமான்களில் ஒன்றாக நினைத்துவிட்டாள். கோபமாக வருகிறது எனக்கு. உங்களுக்கும் வரும் என்றால் சந்தோஷம்.

ஊருக்கே கண்ணாடி போட்டுவிடுகிற மனுஷன் இருக்கிறாரே, அவருக்காவது கட்டினவள் முகம் வெளுத்தது கண்ணில் பட்டிருக்கலாம். படவில்லை. மகள் முகம் பட்டது. அது மட்டும்தான் பட்டது.

மகள் முகம்!

நார்மல் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஏற்றி வைத்த மெஷின். இரண்டு வாரத்துக்கு முன்னால் சுண்டுவுக்கு எடுத்த ரத்தம். நாலை ஐந்தாகக் காட்டிய மெஷின் பன்னிரண்டு என்று சொல்லியிருந்தால், உண்மையில் எவ்வளவு?

"ஒன்பதரை," என்றாள் வாய்விட்டு. "ஒன்பதரைதான் டாக்டரம்மா. என் பொண்ணுக்கு ஒன்பதரை. நான் சோம்பேறின்னு திட்டி ஓட அனுப்பியிருக்கேன்!"

சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. பந்தயம் பதினோரு மணிக்கு.

---

பள்ளிக்கூட ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கடைக்கு அடித்தாள், கண்ணாடிக்காரர் எடுத்தார்.

"கடையைப் பூட்டிட்டு ஸ்கூலுக்கு ஓடுங்க! புள்ளையை ஓட விடாதீங்க!"

"என்னடி ஆச்சு? நீதானே காலைல..."

"ரிப்போர்ட் தப்புங்க. நான்தான் மெஷினைக் கெடுத்து வெச்சிருக்கேன். அவளுக்கு ரத்தம் இல்ல. போங்க, போங்க!"

அவள் படி இறங்கப் போனதைப் பார்த்து டாக்டரம்மா கத்தினார். "தனியா இறங்கினே, நடுப்படியில விழுந்து கிடப்பே. தம்பி, வண்டி இருக்கா? இவளைக் கூட்டிட்டுப் போங்க."

மெஷின்காரரின் காரில் பின் சீட் முழுக்க ஸ்பேனரும் வயரும். அவற்றை ஒதுக்கக்கூட நேரம் கொடுக்காமல் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். ஒவ்வொரு சிக்னலும் இவளுக்கென்றே சிவப்பாக நின்றது. "இன்னும் கொஞ்சம் வேகமா போங்க சார்" என்று அவள் சொல்ல, அவர், "போறேங்க, நீங்க ஸ்பேனர் மேல சாயாம கெட்டியா புடிச்சுக்கோங்க" என்றே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பள்ளி மைதானத்தின் கேட்டில் இறங்கும்போது மணி பதினொன்று ஐந்து. சுண்ணாம்புக் கோடு போட்ட வட்டத்தில் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்க வளைவில் ஏழெட்டுப் பேர் கும்பலாகக் குனிந்து நின்றார்கள். தரையில் யாரோ விழுந்து கிடந்தது இங்கிருந்தே தெரிந்தது. வெள்ளை ஷூ. ஒரே ஒரு ஷூதான் தெரிந்தது.

காலையில் தான் மாட்டிவிட்ட ஷூ.

நார்மல் அக்கா ஓடினாள். ஓடுகிற பெண்களுக்குக் குறுக்கே, விசிலுக்குக் குறுக்கே, "சுண்டு! சுண்டு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். பாதி மைதானம் தாண்டியபோது காதுக்குள் ஒரு இரைச்சல் வந்தது. மூன்று எண்ணினாள். ஐந்து எண்ணினாள். ஏழாவது எண் வாய்க்கு வரவில்லை. தரை தானாகவே மேலே எழும்பி வந்து முகத்தில் மோதியது.

கண் திறந்தபோது முகத்தில் தண்ணீர். மேலே நாலைந்து தலைகள். அதில் ஒரு தலை சுண்டுவுடையது.

"அம்மா! அம்மா, நான் இங்கதான் இருக்கேன்மா! நான் ஓடவே இல்லம்மா!"

"அங்க விழுந்து கிடந்தது?"

"அது வேற பொண்ணு. கால் பிசகிடுச்சு. நான் மேஜைகிட்ட உக்காந்து நேரம்தான் எழுதிட்டிருந்தேன்."

நார்மல் அக்கா மகளின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊர் பார்க்கிறதே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதாள். கண்ணாடிக்காரர் கடைச் சாவி கையில் தொங்க, மூச்சிரைக்க வந்து, யாரைத் தூக்குவது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவே மண்டியிட்டார்.

விளையாட்டு டீச்சர்தான் குழம்பி நின்றார். "ஏன்மா இப்படி ஓடி வந்தீங்க? நீங்க எழுதின லெட்டரைப் பார்த்ததுமே இவளை உக்கார வெச்சுட்டேனே."

"நான் எழுதின லெட்டரா?"

சுண்டுவின் முகம் செத்துப்போனது. டீச்சர் நோட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். நார்மல் அக்காவின் கையெழுத்து மாதிரியே சாய்வாக, கொஞ்சம் அவசரமாக எழுதியிருந்தது.

'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு. என் மகளுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது. அவளும் என்னைப் போலவே மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறாள். எனக்கு வேலை அதிகம் என்பதால் இன்னும் டாக்டரிடம் போக நேரம் கிடைக்கவில்லை. நேரம் கிடைத்ததும் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். அதுவரை தயவுசெய்து அவளைத் திட்ட வேண்டாம். இப்படிக்கு, அம்மா.'

நார்மல் அக்கா இரண்டாம் தடவை படித்தாள். எத்தனையோ ஆயிரம் ரத்த டியூப் அவள் கை வழியாகப் போயிருக்கும். அதில் எதுவும் சொல்லாததை ஒரு பொய்க் கடிதம் சொல்லியிருந்தது.

"அடிப்பியாம்மா?" என்றாள் சுண்டு மெதுவாக. "பொய்தான் எழுதினேன். வேற என்ன எழுதறதுன்னு தெரியல."

"இதுல எது பொய்? என் கையெழுத்து ஒண்ணுதான் பொய்."

கண்ணாடிக்காரர் தாளை வாங்கிப் படித்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்குத் தெரியவே இல்லையே," என்றார். "தினமும் பார்க்கிறேனே, எனக்கு எப்படித் தெரியாம போச்சு?"

---

மத்தியானம் லேபில் தாயும் மகளும் அருகருகே உட்கார்ந்து கையை நீட்டினார்கள். டாக்டரம்மாவே ஊசி எடுத்தார். சுண்டுவுக்கு ஒன்பது புள்ளி மூன்று. பக்கத்திலேயே நின்று, ஒரு வாய் மிச்சம் வைக்காமல் இரண்டு பேரையும் டப்பாவைக் காலி பண்ண வைத்தார். அந்த டப்பா மத்தியானத்தில் காலியாவது அதற்கே புதுசு.

"பொண்ணுக்கு இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கணும். உனக்கு நாளைக்குக் காலைல ஸ்கேன். நான் நேரம் வாங்கிட்டேன்."

"நாளைக்கா? நாளைக்கு சாம்பிள் எடுக்க யாரு இருக்கா? நான் சனிக்கிழமை வேணா..."

டாக்டரம்மா முறைத்தார். இந்தப் பெண்ணை என்ன செய்வது, சொல்லுங்கள்! காலையில்தான் மைதானத்தில் மயங்கி விழுந்தவள், சனிக்கிழமை வரை தள்ளிப்போடப் பார்க்கிறாள்.

"போறேன் டாக்டரம்மா," என்றாள் கடைசியில். "நாளைக்கே போறேன். ஆனா முதல்ல இது. ரெண்டரை மாசமா ஏத்தி வெச்சிருக்கேன். கடைசி மூணு வாரம்தான் ரொம்ப மோசம். அதுல வந்த ஒவ்வொருத்தருக்கும் தப்பான ரிப்போர்ட் போயிருக்கு. நான்தான் பண்ணினேன்னு எழுதிக் குடுத்துடறேன். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும்..."

"உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். தப்பு உன்னோடது மட்டுமா? உயிரோட இருக்கிற ஒரு பொம்பளையைப் பதினோரு வருஷம் அளவுகோலா வெச்சிருந்தவ நான். முதல்ல லிஸ்டை எடு. ஒருத்தர் விடாம கூப்பிடணும். மறுபடி எடுத்து, மறுபடி ரிப்போர்ட் குடுக்கணும்."

ரிசப்ஷன் பெண் அச்சடித்துக் கொண்டுவந்தாள். பதினாறு பக்கம். டாக்டரம்மா ஒரு போனில், ரிசப்ஷன் பெண் ஒரு போனில், நார்மல் அக்கா தன் போனில். ரத்தம் குறைவாக இருந்தால் உடனே ஆபத்து வரக்கூடியவர்களை முதலில் கூப்பிடுவது என்று முடிவு. சுண்டு பக்கத்தில் உட்கார்ந்து வயதானவர்கள், ஆபரேஷன் தேதி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் என்று பேனாவால் குறித்துக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாவது பக்கத்தில் பேனா நின்றது.

"அம்மா."

"என்னடா?"

"இதுல அத்தை பேர் இருக்கு."

நார்மல் அக்கா காதிலிருந்து போனை எடுத்தாள். எதிர்முனையில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பத்து நாளைக்கு முன்னால், வேலைக்கு வரும் வழியில் நாத்தனார் வீட்டுக்குப் போய்த் தானே எடுத்து வந்த சாம்பிள். ரிப்போர்ட்டில் பதினொன்று புள்ளி நாலு. "அண்ணி, அந்த இரும்புச்சத்து மாத்திரை வயித்தைப் பாடாப் படுத்துது. இன்னும் போடணுமா?" என்று அவள் கேட்டது, அதற்கு இவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது, எல்லாம் ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் வந்தது.

"பதினொண்ணு நாலு இருக்கே, ஜாம்ஜாம்னு இருக்கே நீ. ரெண்டு வாரம் நிறுத்திப் பாரேன்."

நாலுக்கு ஐந்து. அப்படியானால் ஒன்பதே. அதுவும் பத்து நாளைக்கு முன்னால், மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னால்.

நாத்தனாரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். ஆறு நாள் கோபம், எடுக்கமாட்டாள். 'எடுடி, திட்டக்கூடத் திட்டு, எடு' என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மூன்றாம் தடவை அழுத்தினாள்.

எடுத்தது நாத்தனாரின் கணவர். பின்னால் தள்ளுவண்டிச் சக்கரங்களின் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.

"அக்காவா? உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சது? இன்னும் யாருக்குமே சொல்லலியே. ஒரு மணி நேரம் முன்னாடி திடீர்னு வலி வந்துடுச்சு. ரத்தப்போக்கும் இருக்குன்னு உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"தம்பி... அவளுக்கு ரத்தம் எவ்வளவு இருக்குன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்கக்கா. இங்கயும் எடுத்திருக்காங்க, ரிசல்ட் வர நேரமாகுமாம். நல்லவேளை, நீங்க குடுத்த ரிப்போர்ட் பையில இருந்துச்சு. அதைத்தான் நீட்டினேன். 'பதினொண்ணு நாலா, அப்ப பயமில்ல'ன்னு வாங்கிட்டுப் போனாங்க. நல்லவேளைக்கா, நீங்க இருந்தீங்க."

சுண்டு அம்மாவின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா தன் போனை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. அந்த ரிப்போர்ட் தப்பு. அவளுக்கு ஒன்பதுகூட இருக்காது. இப்பவே உள்ளே ஓடுங்க, ரத்தம் தயாரா வைக்கச் சொல்லுங்க. யார் சொன்னான்னு கேட்டா, அந்த ரிப்போர்ட்டைக் குடுத்தவளே சொன்னா, அவதான் தப்புப் பண்ணினான்னு சொல்லுங்க. ஓடுங்க தம்பி!"

செருப்புக் கால்கள் தடதடவென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கதவு திறந்து மூடியது. போன் இன்னும் கட்டாகவில்லை. நார்மல் அக்கா அதைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறுபடி அந்தக் கதவு திறக்கும் சத்தத்துக்காக மூன்றிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து பத்து என்று எண்ணத் தொடங்கினாள்.